கடலில்லாக் கோரமண்டல்

எங்கள் ஊரில் ஒரு புகைவண்டி நிலையம் இருக்கிறது. அதன் பெயர் கோரமண்டல். பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை செல்லும் கிளைப் பாதையில், ஊர்காம், சாம்பியன் முதலிய நிலையங்களோடு அதுவும் ஒன்று. சோழமண்டலம் என்னும் நம் சொல்தான் ஐரோப்பியர் நாவில் உருண்டு புரண்டு கோரமண்டல் ஆயிற்று என்று அறிஞர் பலரும் கூறுவர். சோழமண்டலக் கடற்கரையின் பெயரைத் தாங்கிய அந்த நிலையத்திலே நின்று கிழக்கே நோக்கினால் கடல் தெரியாது. கடலோ ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கிறது. தெரிவதெல்லாம் மணல்; மலைபோல் குவிந்த மணல்.

கோலார் தங்கவயலில் பிறந்தவர்களுக்கு அந்த மணலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாறையை வெட்டி, மாவாக அரைத்து, சயனைடு கலந்து பொன்னைப் பிரித்தெடுத்த பின் எஞ்சிய சக்கை அது. ‘சைனைடு மேடு’ என்று நாங்கள் அழைக்கும் அந்தக் குன்றுகள் பதின்மூன்று. அவற்றில் ஏறக்குறைய 3.3 கோடி டன் சக்கை குவிந்து கிடப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். காற்றுக் காலத்தில் அந்தத் தூள் பறந்து வந்து சோற்றுத் தட்டிலே விழும். சிறு பிள்ளைகளாக இருந்தபோது நாங்கள் அதன்மேல் ஏறி விளையாடினோம். கடற்கரை என்றால் இப்படித்தான் இருக்கும் போலும், தண்ணீர் மட்டுந்தான் இல்லை என்று எண்ணிக்கொண்டோம். ஆக, நான் கடலைக் காணும் முன்பே கடற்கரையைக் கண்டவன். அதுவும் நஞ்சு கலந்த கடற்கரையை!

இப்படிப்பட்ட ஊரிலிருந்து படிக்க வந்த எனக்கு, சென்ற பொங்கல் விடுமுறைக்கு முன்னே விடுதி நண்பர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். “இந்தப் பெங்களூரில் இனி ஒரு நாளும் இருக்க முடியாது. நெரிசலும் புகையும் தேர்வும் நம்மைக் கொன்றுவிடும். எங்காவது ஒரு கடற்கரைக்கு ஓடிப் போய்க் கூடாரம் அடித்து இரண்டு நாள் கிடந்துவிட்டு வருவோம்” என்றார்கள். அனைவரும் ஆம் என்றனர். நானும் ஆம் என்றேன். ஆனால், ‘ஓடிப் போவோம்’ என்ற சொல் மட்டும் என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

ஏன் தைத்தது என்று சொல்லிவிடுகிறேன். 2001 பிப்ரவரி 28-இல் எங்கள் ஊர்ச் சுரங்கங்கள் மூடப்பட்டன. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி கால் வைத்த நாள் தொடங்கி, நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் பொன்னை ஈன்ற மண் அது. 1902-இலேயே சிவசமுத்திரத்து அருவியிலிருந்து மின்சாரம் கொண்டுவந்து ஒளியேற்றிய ஊர் அது. சுரங்கம் மூடிய பின்னர் அந்த ஊருக்குப் பிழைப்பு எது? விடியலுக்கு முன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் வண்டியைப் பாருங்கள். கட்டட வேலைக்கும், கடை வேலைக்கும், காவல் வேலைக்கும், கணினி வேலைக்கும் செல்லும் மக்கள் கூட்டம் அதிலே நின்றபடியே உறங்குகிறது. இரவு மீண்டும் அதே வண்டியில் நின்றபடியே திரும்புகிறது. எந்த நகரத்தை விட்டு நாங்கள் ஓட நினைத்தோமோ, அந்த நகரத்தைத் தேடித்தான் என் ஊர் நாள்தோறும் ஓடுகிறது! ஒருவனுக்குச் சிறையாகத் தோன்றுவது இன்னொருவனுக்குச் சோறாக இருக்கிறது. இதை மறந்துவிட்டு ‘நகரம் நரகம்’ என்று பாடுவது எனக்கு இயலவில்லை.

அப்படியானால் போகாமலே இருந்துவிடலாமா? வீட்டில் அதைத்தான் சொன்னார்கள். “படிக்கிற பிள்ளைக்குக் கடற்கரை எதற்கு?” என்று கேட்டார் என் தந்தை. அவரைக் குறை கூற மாட்டேன். அவரும் அந்த விடியற்கால வண்டியில் நின்று செல்பவர். ஆயினும் அவர் கேள்வியை நான் ஏற்கவில்லை.

தங்கவயலின் வரலாறே எனக்கு அதற்கு விடை தருகிறது. வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு அங்கே கிளப் இருந்தது. கோல்ஃப் விளையாடப் புல்வெளி இருந்தது. மாலை நேரத்துக் களிப்பு இருந்தது. ‘சின்ன இங்கிலாந்து’ என்று ஊருக்கே பட்டம் சூட்டினார்கள். சுரங்கத்துக்குள் இறங்கிய நம்மவருக்கு என்ன இருந்தது? ‘லைன்’ என்று பெயர் பெற்ற வரிசைக் குடிசை இருந்தது. சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் இறங்கி, சங்கு ஊதினால் ஏறிவரும் வாழ்வு இருந்தது. ஓய்வு என்பது துரைக்கு உரிமை, தொழிலாளிக்குச் சோம்பல் என்று அன்று எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. “ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கடற்கரை எதற்கு?” என்று இன்று நாமே கேட்டால், அந்த எழுதாத சட்டத்தை நாமே எழுதி வைத்துக்கொள்வதாக ஆகாதா? உழைப்பவன் வீட்டுப் பிள்ளைக்குத்தான் கடற்கரை முதலில் வேண்டும் என்பேன் நான்.

இந்த வழக்கில் எனக்குத் துணை நின்றவர் என் தாத்தா. குடியாத்தம் பக்கத்திலிருந்து இளமையிலே வந்து, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வாழ்நாளைக் கழித்தவர். 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. அடி ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசுக்கும் மேல். குளிரூட்டிய காற்றை மேலிருந்து அனுப்பினால்தான் மனிதன் அங்கே மூச்சுவிட முடியும். பூமியின் வயிற்றை அவ்வளவு ஆழம் கண்ட அந்த மனிதர், பூமியின் ஓரத்தை, அதாவது கடலை, ஒரு நாளும் கண்டதில்லை! என் தந்தையும் நானும் வாதாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், இருமலுக்கு இடையே சொன்னார்: “போய்ட்டு வரட்டும் வுடுப்பா. டேய், நம்ம பேத்தமங்கலா ஏரித் தண்ணி, பாலாறு, அது கடைசீல எங்க போய்ச் சேருதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு.”

எங்கள் பயணத்துக்குப் பொருள் கிடைத்தது அந்த ஒரு சொல்லால்தான். தங்கவயலுக்கு நெடுங்காலம் குடிநீர் தந்தது பேத்தமங்கலா ஏரி. அது பாலாற்றின் மேல் அமைந்தது. நந்திமலைப் பக்கம் பிறக்கும் பாலாறு, கருநாடகத்தில் 93 கிலோமீட்டரும், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும், தமிழகத்தில் 222 கிலோமீட்டரும் நடந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே, வயலூருக்கு அருகில் வங்கக் கடலை அடைகிறது. மூன்று மாநிலங்களைத் தொட்டு வரும் அந்த ஆற்றுக்கு எந்த எல்லையும் தெரியாது. கோவாவுக்குப் போவோம் என்று கூறியிருந்த நண்பர்களிடம் என் தாத்தாவின் கேள்வியைச் சொன்னேன். சிறிது நேரம் அமைதி. பிறகு, “சரி, பாலாற்றின் வாய்க்கே போவோம்” என்று ஒருவன் சொல்ல, அவ்வாறே முடிவாயிற்று. கோவாவுக்கு ஆகும் பணமும் எங்களிடம் இல்லை என்பதை மறைப்பானேன்?

ஆறு பேர் புறப்பட்டோம். பங்காருப்பேட்டையில் வண்டி ஏறி, சோலையார்பேட்டை வழியாகக் காட்பாடி வரை சென்றோம். வாணியம்பாடியைக் கடந்ததும் பாலாறு பக்கத்துணையாக வந்தது. ஆறு என்று சொல்கிறோம். கண்டது அகன்ற மணல்வெளியும், மணல் அள்ளிய பள்ளங்களும், ஊடே ஒரு நீர்க்கோடும். 1903 நவம்பரில் மேலே மைசூர்ச் சீமையில் ஏரிகள் உடைந்து, வாணியம்பாடியையே வெள்ளம் வாரிச் சென்ற ஆறு இதுதான் என்றால் நம்ப முடிகிறதா? 2021 நவம்பரிலும் அது கரை தழுவி ஓடியது. மற்ற நாளில் தாகத்தோடு கிடக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் தொழிலின் கழிவு இந்த ஆற்றையும் நிலத்தடி நீரையும் எப்படிக் கெடுத்தது என்பதும், அதன்மேல் 1996-இல் உச்சநீதிமன்றம் ‘கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும்’ என்னும் நெறியை நிலைநாட்டியதும் சட்டம் படிக்கும் நண்பர்கள் அறிந்ததே. எங்களுள் ஒருவன் சட்ட மாணவன். அவன் இதுவரை பாடப் புத்தகத்தில் மட்டும் கண்ட வழக்கைச் சன்னல் வழியே கண்டான். “வழக்கில் வெற்றி, ஆற்றில் தண்ணீரைக் காணோமே!” என்று அவன் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

காட்பாடியில் இறங்கி, பேருந்து மாறி மாறிக் காஞ்சிபுரம், செங்கற்பட்டு, கல்பாக்கம் வந்து சேர்ந்தபோது பொழுது சாயும் நேரம். தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் பெரியவர்களைக் கண்டு, யார், எங்கிருந்து வருகிறோம் என்று சொல்லி, காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்து, அவர்கள் காட்டிய இடத்தில் இரண்டு கூடாரங்களை அடித்தோம். கூடாரம் அடிக்க ஒருவருக்கும் தெரியவில்லை. முளை மணலில் நிற்கவில்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வந்து, கோணிப்பையில் மணலை நிரப்பிக் கயிற்றோடு கட்டிப் புதைக்கச் சொன்னார். அதன்பின் கூடாரம் நின்றது. பல்கலைக்கழகத்துப் பட்டங்கள் அனைத்தும் அந்த ஒரு கோணிப்பைக்கு முன்னே தலைகுனிந்தன.

பிறகு கடல்! அதை வருணிக்க மாட்டேன். வருணிக்கும் ஆற்றல் எனக்கு இல்லை என்பது ஒரு காரணம். அதைவிட முதன்மையான செய்தி ஒன்று உண்டு என்பது மற்றொரு காரணம்.

வந்த களைப்புத் தீரக் குளித்துவிடலாம் என்று எங்களில் இருவர் ஆற்று முகத்தின் பக்கமாக ஓடினார்கள். அங்கேதான் அலை தணிந்து, நீர் அமைதியாகத் தெரிந்தது. சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் கேட்டது. “அங்க எறங்காதீங்க தம்பி! அலை இல்லாத எடந்தான் இழுக்கும்.” அதே பெரியவர். தென்னை மட்டை ஒன்றை எடுத்து அந்த அமைதியான நீரில் வீசி எறிந்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஓடும் குதிரைமேல் வைத்ததுபோல் அது கடலுக்குள் போய்விட்டது. எங்கள் முகத்தில் ஈயாடவில்லை.

அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் நீர் எப்படியும் திரும்ப வேண்டும். அது மணல்திட்டுகளுக்கு இடையே ஒரு குறுகிய பள்ளத்தைக் கண்டுபிடித்து, அதன் வழியே விரைந்து திரும்புகிறது. அந்தப் பள்ளத்தின்மேல் அலை உடைவதில்லை. அதனாலே பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும். நீந்தத் தெரியாதவன் அந்த இடத்தைத்தான் பத்திரமானது என்று தேர்ந்தெடுப்பான். ஆற்று முகத்திலோ வற்றும் அலைநீரும் சேர்ந்துகொள்ளும். இழுப்பில் அகப்பட்டவன் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்து மூழ்குவான். பதறாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அந்த ஓட்டத்தை விட்டு வெளியேறிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். இதை அந்தப் பெரியவர் மணலில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். பன்னிரண்டு ஆண்டு பள்ளியிலும் மூன்று ஆண்டு கல்லூரியிலும் எவரும் இதை எங்களுக்குச் சொன்னதில்லை. விடுமுறைதோறும் ஏதாவதொரு கடற்கரையில் மாணவர் மூழ்கினர் என்னும் செய்தியைப் படிக்கிறோம். “அந்தோ!” என்று கூறிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புகிறோம். அந்தச் செய்தியாக நாங்களே ஆகியிருப்போம். குறுக்கே ஒரு தென்னை மட்டை வந்தது.

அன்று இரவு நான் தாத்தாவை நினைத்துக்கொண்டேன். சுரங்கத்தில் வேலை தொடங்குமுன் இரும்புக் கம்பியால் மேற்பாறையைத் தட்டி ஓசை கேட்பார்களாம். ஓசை கணீரென்றால் பாறை உறுதி. பொத்தென்று கேட்டால் விலகி நிற்க வேண்டும். பாறை வெடித்துச் சிதறிப் பலர் மாண்ட சுரங்கங்கள் அவை. பாறையின் பேச்சைக் கேட்கத் தெரிந்தவரே பிழைத்தார்கள். இங்கே இவர் நீரின் பேச்சைக் கேட்கிறார். இருவருக்கும் பட்டம் இல்லை. இருவரும் தத்தம் துறையில் பேராசிரியர். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்த கரை இது. அதைக் கண்டும் அதே கடலுக்குத் திரும்பச் சென்று வலை வீசியவர்களின் அறிவை, நாம் ‘படிக்காதவர்’ என்ற ஒரே சொல்லால் தள்ளிவிடுகிறோம்.

நண்பர்களே, இங்கே என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். கடற்கரைக்குப் போவது தவறன்று. போகும் முறையே தவறு. கடற்கரை ஆளில்லாத வெறும் வெளி என்று எண்ணிக்கொண்டு நாம் போகிறோம். ஒலிபெருக்கியை எடுத்துச் செல்கிறோம். குப்பியை எடுத்துச் செல்கிறோம். நகரத்தின் இரைச்சலை எல்லாம் மூட்டை கட்டி எடுத்துச் செல்கிறோம். அங்கே இறக்கி வைத்துவிட்டு, “அப்பாடா, அமைதி!” என்று பெருமூச்சு விடுகிறோம். உண்மையில் அந்த மணல் ஒரு தெரு. அங்கே வலை உலர்கிறது, மீன் காய்கிறது, படகு உறங்குகிறது, குழந்தை தவழ்கிறது. பிறர் வீட்டு முற்றத்தில் கண்ணாடிக் குப்பியை உடைத்துவிட்டு வருவதை நாம் எவ்வாறு ஓய்வு என்று அழைக்கலாம்?

நகரத்தைச் சுமந்துகொண்டு கடற்கரைக்குப் போனவர்கள் கதை நம் இலக்கியத்திலேயே இருக்கிறது. இந்திர விழாவின் முடிவில் கோவலனும் மாதவியும் புகார்க் கடற்கரைக்குச் சென்றார்கள் அல்லவா? புன்னை நிழலில், புதுமணலில், ஓவியத் திரை சூழ விதானம் கட்டி அமர்ந்தார்கள். தமிழ் இலக்கியத்தின் புகழ்பெற்ற கடற்கரைக் கூடாரம் அது. யாழ் இருந்தது, நிலவு இருந்தது, கடல் இருந்தது. எல்லாம் இருந்தும் என்ன ஆயிற்று? உள்ளத்தில் ஊறிக் கிடந்த ஐயத்தை அவர்கள் ஊரிலே விட்டு வரவில்லை. அவன் பாடலில் அவள் ஒரு பொருள் கண்டாள். அவள் பாடலில் அவன் ஒரு பொருள் கண்டான். கூடி வந்தவர்கள் தனித்தனியே திரும்பினார்கள். இடத்தை மாற்றுவதால் மட்டும் மனம் மாறிவிடாது என்பதற்கு இளங்கோவடிகளை விடச் சான்று வேண்டுமா?

எங்களுக்கும் அந்தச் சோதனை வந்தது. இரவில் பெருந்தீ மூட்டி ஆடிப் பாட வேண்டும் என்று ஒருவன் விறகு சேர்த்துவிட்டான். குப்பத்து இளைஞர் சிலர் வந்து வேண்டாம் என்றார்கள். தை, மாசி, பங்குனி மாதங்கள் கடலாமை கரையேறி முட்டையிடும் காலம். அவர்கள் அதைப் பங்குனி ஆமை என்றே அழைக்கிறார்கள். தாய் ஆமை இருளைத் தேடிக் கரையேறும். குழி தோண்டி நூறு முட்டை அளவில் இட்டு மூடிச் செல்லும். ஒன்றரை மாதத்துக்குப் பின் வெளிவரும் குஞ்சுகள், எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் கடல் என்று நம்பி ஓடும். விண்மீன் ஒளி படர்ந்த கடல்தான் ஊழி ஊழியாக வெளிச்சமாக இருந்தது. இன்று விடுதி விளக்கும், தெரு விளக்கும், நம் தீயும் அவற்றை ஏமாற்றி மேட்டுக்கு இழுத்துக் கொல்கின்றன.

தீ மூட்டவில்லை. ஒரு நண்பனுக்குக் கோபம். “ஆமைக்காகவா நாம் இவ்வளவு தூரம் வந்தோம்?” என்று முணுமுணுத்துக்கொண்டு கூடாரத்துக்குள் போய்ப் படுத்துவிட்டான். அவன் கோபத்தையும் நான் மறைக்க விரும்பவில்லை. இன்னும் அவன் என்னோடு அதைப் பற்றி வாதாடிக்கொண்டுதான் இருக்கிறான். மற்ற ஐவரும் இருளில் கரையோரமாக நடந்தோம். ஆமை எதையும் நாங்கள் காணவில்லை. செத்து ஒதுங்கிய ஒன்றைத்தான் விடியற்காலையில் கண்டோம். 2025 சனவரியில் சென்னைப் பக்கத்துக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இப்படி ஒதுங்கின. இழுவலையில் சிக்கினால், மூச்சுவிட மேலே வர முடியாமல் அவை மூழ்கி இறக்கின்றன. கடலில் வாழும் உயிர் கடலில் மூழ்கிச் சாகிறது!

இதைச் சொல்லும்போது மாணவராகிய நாம் பெருமைப்படத்தக்க ஒன்றையும் சொல்ல வேண்டும். சென்னையில் 1988-இல் மாணவர்களே கூடிக் கடலாமைப் பாதுகாப்புக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அன்று முதல் ஆண்டுதோறும் பருவ காலத்தில் நள்ளிரவில் கரையோரம் நடந்து, முட்டைகளை எடுத்துக் காப்பிடத்தில் புதைத்து, குஞ்சுகள் பொரித்தபின் கடலில் விட்டுவருகிறார்கள். ஒரு தலைமுறை மாணவர் பட்டம் பெற்றுப் போனால் அடுத்த தலைமுறை நடக்கிறது. அவர்களும் கடற்கரைக்குத்தான் போகிறார்கள், இரவில்தான் போகிறார்கள், நண்பர்களோடுதான் போகிறார்கள். அவர்களுக்கு அங்கே கிடைக்கும் களிப்பு நம் களிப்பை விடக் குறைந்ததா? நான் அப்படி நினைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் ஆறு பேரும் ஆடவர். எங்கள் வகுப்பு மாணவியர் மூவர் வர விரும்பினார்கள். வீட்டார் இசையவில்லை. அவர்களும் விடியல் வண்டி நெரிசலில் நின்று வந்து படிப்பவர்களே. அவர்களுக்கும் தேர்வு உண்டு, களைப்பு உண்டு. ஆணுக்கு ஓய்வு, பெண்ணுக்கு ஒழுக்கம் என்று பங்கிடுவது எந்த நூலில் உள்ள நீதி? வீட்டார் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த அச்சத்தைப் போக்கும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டியது நம் பொறுப்பு.

ஆகவே நம் தமிழ்ப் பேரவைக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். ஆண்டுக்கு ஒரு முறை பேரவையே ஒரு கடற்கரை முகாமை நடத்தட்டும். மாணவரும் மாணவியரும் ஆசிரியர் சிலர் துணையோடு செல்லட்டும். செலவு, மாரிக்குப்பம் வண்டியில் வரும் பிள்ளையும் தரக்கூடிய அளவில் இருக்கட்டும். சென்ற இடத்தில் முதலில் குப்பத்துப் பெரியவர்களைக் காண்பது, அவர்கள் காட்டிய இடத்தில் மட்டும் தங்குவதும் குளிப்பதும், இருட்டிய பின் நீரில் இறங்காமை, ஆமைப் பருவத்தில் தீயும் விளக்கும் தவிர்த்தல், கொண்டுபோன ஒவ்வொரு காகிதத்தையும் திரும்பக் கொண்டுவருதல் ஆகியவற்றை விதியாகக் கொள்ளட்டும். முகாமின் ஒரு வேளை அந்த ஊர் மக்கள் பேசவும் நாம் கேட்கவும் ஒதுக்கப்படட்டும். மதுவுக்கு அங்கே இடம் வேண்டாம். கடலும் கள்ளும் சேர்ந்த இடத்தில்தான் மரணச் செய்திகள் மிகுதி.

மற்றொன்றும் கேட்பேன். அந்தக் குப்பத்துப் பிள்ளைகள் பத்துப் பேரை நாம் தங்கவயலுக்கு அழைப்போம். பாலாற்றின் வாயில் வாழ்பவர்கள் அதன் தலைப்பக்கத்தைப் பார்க்கட்டும். பேத்தமங்கலா ஏரியைக் காட்டுவோம். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில்தான் 1965-இல், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தை உலகிலேயே முதன்முதலாகக் கண்டவர்களில் நம் நாட்டு அறிவியலாரும் இருந்தார்கள் என்று சொல்வோம். சைனைடு மேட்டையும் காட்டுவோம். பொன் எடுத்தவர்கள் போய்விட்டார்கள், சக்கை மட்டும் நமக்கு மிஞ்சியது என்பதை அவர்கள் கண்ணால் காணட்டும். மணல்தோறும், கரைதோறும் நாளை யாரேனும் வந்து ‘பொன் இருக்கிறது’ என்று கூறும்போது, எஞ்சப் போவது எது என்று கேட்க அவர்களுக்கு அது உதவும்.

ஊர் திரும்பியதும் தாத்தாவிடம் போய் அமர்ந்தேன். “பாத்தியா? சேருதா?” என்றார். நான் கண்டதைச் சொன்னேன். கடலுக்குச் சற்று முன்னே ஒரு மணல்திட்டு குறுக்கே கிடந்தது. ஆறு அதைச் சுற்றி, ஓரமாக வழி தேடி, முழங்கால் அளவு நீராகக் கடலில் கலந்தது. “சேருது தாத்தா. கொஞ்சமாத்தான் சேருது” என்றேன்.

அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “உப்பா இருக்குமாமே, எவ்வளவு உப்பு?” என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எண்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த நாட்டிலே வாழ்ந்து, இந்த நாட்டுக்குப் பொன் எடுத்துக் கொடுத்த ஒரு மனிதருக்கு, கடல் எவ்வளவு உப்பு என்பதைப் பேரன் வந்து வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது!

அடுத்த முகாமுக்குப் பேரவை ஏற்பாடு செய்யும்போது, மாணவர்களுக்கு மட்டும் இடம் ஒதுக்க வேண்டாம். ஒரு பேருந்து சேர்த்துப் பிடியுங்கள். சாம்பியன், ஊர்காம், மாரிக்குப்பம் லைன் வீடுகளில் கடலைக் காணாத முதியோர் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களை அழைத்துச் செல்லும் பொறுப்பை நான் ஏற்கிறேன். கோரமண்டல் நிலையத்து வாசலிலிருந்தே அந்தப் பேருந்து புறப்படட்டும்.